நம்ம படம்தானே, விட்டுடு!

மலேசியத் தமிழ் சினிமாவுக்கு யார் எதிரி என்று கேட்டால் நம்மாட்கள் ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். தியேட்டர்காரர்கள் நல்ல நேரக் காட்சி கொடுப்பதில்லை. கோடம்பாக்கத்துப் பெரிய படம் வந்தால் நம் படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். அரசாங்கம் கண்டுகொள்வதில்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்காமல் திருட்டுப் பிரதி தேடுகிறார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத எதிரி ஒன்று உண்டு. உள்ளூர்ப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, வாயைத் திறக்கப் போகும் நண்பனிடம் நாம் சொல்லும் மூன்றே வார்த்தைகள்: "நம்ம படம்தானே, விட்டுடு."

அந்த மூன்று வார்த்தைகளுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விமர்சகன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்துவிட்டு, பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவன். சினிமா பைத்தியம். எங்கள் செட் ஐந்து பேர். ஒரே பல்கலைக்கழகம், ஒரே வருடம். இப்போது நாலு பேர் பாயான் லெப்பாஸ் பக்கம், ஒருத்தி கூலிமில். மாதத்தில் இரண்டு படமாவது சேர்ந்து பார்ப்போம். முடிந்ததும் மாமாக் கடை. தே தாரிக் வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

2024இல் வந்த மூன்று படங்களை மட்டும் சொல்கிறேன். 'லப்பர் பந்து' பார்த்த இரவு நாங்கள் ஆண்கள் நாலு பேரும் கிரிக்கெட்டையும் தினேஷின் நடையையும் பேசிக்கொண்டிருந்தோம். கூலிம்காரி கேட்டாள்: "ரெண்டு ஆம்பளைங்க ஈகோவுக்கு வீட்டுப் பொம்பளைங்கதான் அம்பயரா?" அந்தக் கேள்விக்குப் பிறகு படம் எங்களுக்கு வேறு படமாகிவிட்டது. படம் அதைத் தெரிந்தே செய்திருக்கிறதா, தெரியாமல் செய்திருக்கிறதா என்று விடிகாலை இரண்டு மணி வரை போனது பேச்சு. 'மெய்யழகன்' பார்த்தபோது ஒருவன், "மனுஷன் பேசியே கொல்றான்டா" என்றான். பக்கத்தில் இருந்தவன் கண் இன்னும் சிவந்திருந்தது. "உனக்குத் தெரியாதுடா. எங்க தாத்தா இருந்த தோட்டத்துல இப்போ டெரஸ் வீடு கட்டிட்டான். லயம் இருந்த இடமே தெரியல," என்றான். தஞ்சாவூரில் பூர்வீக வீட்டை இழந்தவனின் கதை, பேராக்கில் தோட்டத்தை இழந்தவனின் பேரனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எந்த விமர்சகரும் எனக்குச் சொல்லவில்லை. அவன் சொன்னான். 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசை கிடையாது. "எங்க வீட்டு ஃபேன் சத்தந்தான் கேட்டுச்சு," என்றான் ஒருவன். இன்னொருவன் அதில் ஒரு காட்சியை நினைவூட்டினான். வழியை மறித்து நிற்கும் காளை. மீசை வைத்த ஆண்களெல்லாம் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். "படம் மொத்தமும் அந்த ஒரு நிமிஷத்துல இருக்குடா." முதலாமவன் வீட்டுக்குப் போய் மறுபடியும் போட்டுப் பார்த்தான்.

இதில் எதுவும் ஆய்வுக் கட்டுரை இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசுகிறோம். ஆனால் ஒவ்வொருவரும் படத்தை மதித்துப் பேசுகிறோம். பிடிக்கவில்லை என்று சொல்வதும் மதிப்பில் சேர்த்திதான். இரண்டரை மணி நேரம் கொடுத்தவன் கேட்கும் நியாயமான கணக்கு அது.

அதே மேசைக்கு ஓர் உள்ளூர்ப் படம் வரட்டும். குரல் இறங்கிவிடும்.

"ஓக்கேலா."

"பாவம்லா, கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்க."

"கேமரா நல்லா இருக்கு."

இந்த 'கேமரா நல்லா இருக்கு' இருக்கிறதே, அது இழவு வீட்டில் 'நல்ல மனுஷன்' என்று சொல்வதைப் போன்றது. வேறு சொல்ல ஒன்றுமில்லை என்பதற்கு நாம் கண்டுபிடித்த கௌரவமான வார்த்தை. யாராவது ஒருவன் தைரியமாக, "அந்த ரெண்டாவது பாதி..." என்று தொடங்கினால் உடனே தடுப்புச் சுவர் எழும்பும். நம்ம படம்தானே, விட்டுடு.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் உள்ளூர்ப் படத்தின் முதல் நாள் காட்சிக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். படம் முடிந்து வெளியே வந்தால் படக்குழு வரிசையாக நிற்கிறது, கைபேசியோடு ஒரு தம்பி ஓடி வருகிறார். "அண்ணே, படம் எப்படி இருந்துச்சு?" எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: சூப்பர், எல்லாரும் குடும்பத்தோட வந்து சப்போர்ட் பண்ணுங்க. எங்கள் கூட்டத்தில் ஒருவன் மட்டும், "அந்தப் பொண்ணு கடைசியில ஏன் வீட்டுக்குத் திரும்பி வருதுன்னு எனக்குப் புரியல தம்பி," என்றான். கைபேசி கீழே இறங்கியது. "நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார். அன்று அந்தப் படத்தைக் கவனித்துப் பார்த்த ஒரே சாட்சி அவன்தான். அவன் சொன்னது பதிவாகவில்லை.

இப்படி மௌனமாக இருப்பதற்கு நம்மிடம் சில நியாயங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பட்ஜெட். 'அவனுங்க கோடிக்கணக்குல போடுறானுங்க, நம்மாளு வீட்டை அடகு வெச்சு எடுக்குறான்.' ஒத்துக்கொள்கிறேன். பணம் இல்லாவிட்டால் கார் வெடிக்காது, வெளிநாட்டுப் பாட்டு கிடையாது, இருபது நாளில் எடுத்து முடிக்க வேண்டும். ஆனால் நாங்கள் மேசையில் கேட்க நினைப்பது கார் ஏன் வெடிக்கவில்லை என்று இல்லை. அந்தப் பெண் ஏன் திரும்பி வந்தாள் என்றுதான். அதற்குப் பதில் எழுத எத்தனை ரிங்கிட் வேண்டும்? மூத்த மகன் ஏன் மதுரைக்காரன் மாதிரி பேசுகிறான்? கிள்ளானில் வளர்ந்தவன் கிள்ளான்காரன் மாதிரி பேசக் காசு வேண்டுமா? திரைக்கதையின் ஓட்டைகளைப் பட்ஜெட்டின் மேல் போடுவது, சிமெண்டுக் கலவை தப்பாகப் போனதற்கு மழையைக் குறை சொல்கிற குத்தகைக்காரன் கதை.

இரண்டாவது, 'நீ எடுத்துப் பாரு தெரியும்.' இந்த வாதத்தை யாரும் நாசி கண்டார் கடையில் சொல்ல மாட்டார்கள். சாம்பார் புளித்துப்போயிருந்தால், 'நீ சமைச்சுப் பாரு' என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த நாள் கடை காலி. எங்கள் தொழிற்சாலையில் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால், 'முடிந்தால் நீங்களே சில்லு செய்து பாருங்கள்' என்று பதில் எழுத முடியுமா? உண்மையில் ஒரு பொருளுக்குப் புகாரே வரவில்லை என்றால் எங்கள் மேலாளர் சந்தோஷப்பட மாட்டார். அவர் கேட்கும் முதல் கேள்வி: "யாராச்சும் பயன்படுத்துறாங்களா?" நம் படங்களுக்குப் புகார் வராதது எதைக் காட்டுகிறது என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, சின்ன சமூகம். இதுதான் உண்மையான காரணம். ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. இந்நாட்டில் நாம் ஏறக்குறைய 20 லட்சம் பேர். அதில் கலையோடு தொடர்புள்ளவர்கள் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுவார்கள். இயக்குநரின் தம்பி நம் தங்கச்சியோடு படித்தவன். நாயகி பக்கத்து தாமானில் இருக்கிறாள். நாளைக்குத் தைப்பூசத்தில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். அதனால் முகத்துக்கு நேரே 'சூப்பர்ண்ணே', முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. கவனியுங்கள், நாம் கருத்தே இல்லாதவர்கள் இல்லை. அதே படத்தைப் பற்றி வீட்டுக்குள், காருக்குள் நாம் பேசுவது எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்று நமக்கே தெரியும். மேசையில் நேர்மையாகச் சொல்லியிருந்தால் அரை மணி நேர வாக்குவாதத்தோடு போயிருக்கும். அது அடக்கப்பட்டதால்தான் நையாண்டியாகப் புளித்துப்போகிறது. பாவம் பார்ப்பவனும் கேலி செய்பவனும் ஒரே ஆள்தான். இடம் மட்டும்தான் மாறுகிறது.

நான்காவது, வசூல். 'நாலு பேரு குறை சொன்னா படம் படுத்துரும்.' இதைக் கொஞ்சம் மரியாதையோடு கேட்க வேண்டும். ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. 'மெய்யழகன்' வெளிவந்த சில நாட்களில் 'நீளம், நீளம்' என்ற பேச்சு பரவி, தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த படத்திலிருந்து சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். என் நண்பன் கண்கலங்கிய இடத்தில் ஏதாவது அதில் போயிருந்தால்? அவசர அபிப்பிராயம் ஒரு படத்தின் உடம்பையே அறுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் 'கங்குவா' வந்தது, விமர்சனங்கள் கிழித்தெடுத்தன. தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் செய்யத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். கருத்துச் சொல்வது உரிமை என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே வாயை மூடு என்று சொல்ல வழக்கறிஞர் வைத்து மனுப்போட வேண்டியிருந்தது, அப்படியும் நடக்கவில்லை. இங்கே யாரும் நீதிமன்றம் போகவில்லை. ரசிகனே ரசிகனின் வாயைப் பொத்துகிறான். மூன்று நாளுக்கு இல்லை, நிரந்தரமாக. அப்படிப் பொத்தியதால் நம் படங்கள் வசூலை அள்ளிக் குவித்துவிட்டனவா? 'எல்லாரும் சப்போர்ட் பண்ணுங்க' என்ற குரலை நம் ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள் தெரியுமா? படம் சுமார், ஆனாலும் வாங்க என்று. நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவது மாதிரி ஒரு தடவை வாங்குவார்கள். அடுத்த தடவை கைபேசியை எடுக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு இருக்கிறது. 2016இல் நடந்ததை மறந்துவிட்டோம்.

அந்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படத்தையும் 'ஓலா போலா' படத்தையும் 'தேசிய மொழி அல்லாத படங்கள்' என்று தனிப்பிரிவில் தள்ளினார்கள். சிறந்த படம் என்ற முதன்மை விருது மலாய்ப் படத்துக்குத்தான். நாடே கொதித்தது. மலாய்க் கலைஞர்களே எதிர்த்துப் பேசினார்கள். கடைசியில் மொழி வேறுபாடில்லாமல் 'சிறந்த மலேசியத் திரைப்படம்' என்று ஒரு விருதைக் கொண்டுவந்தார்கள். அதை 'ஜகாட்' வென்றது. ஒரு தமிழ்ப் படம்! அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். விடுதியில் எங்களுக்கு அது தீபாவளி.

அன்று நாம் கேட்டது என்ன? சலுகை கேட்கவில்லை. ஒரே தராசு கேட்டோம். எங்களைத் தனித்தட்டில் வைத்து நிறுக்காதே என்றோம். இன்று 'நம்ம படம்தானே, விட்டுடு' என்று சொல்லும்போது நாம் செய்வது அதே வேலையைத்தான். நம் படத்துக்கு நாமே ஒரு தனிப்பிரிவு திறந்து வைத்திருக்கிறோம். 'மெய்யழகனு'க்கு ஒரு தராசு, 'மாமன்னனு'க்கு ஒரு தராசு, நம்ம அண்ணன் எடுத்த படத்துக்கு மட்டும் கல் வைக்காத தராசு. விழாக்குழு செய்தால் இனவாதம், நாம் செய்தால் ஆதரவா?

'ஜகாட்' எதனால் அந்த இடத்துக்கு வந்தது? பரிதாபத்தால் வரவில்லை. தலைப்பே மலாயின் 'ஜாஹாட்' நம் வாயில் புரண்டு வந்த சொல். அதில் வரும் மனிதர்கள் நாம் பேசுவது போலவே பேசுகிறார்கள். தோட்டத்திலிருந்து புறம்போக்குக்குத் தள்ளப்பட்ட குடும்பம். பையன் படித்தே ஆக வேண்டும் என்று அடித்து வளர்க்கும் அப்பா. குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. அந்த அப்பாவை வில்லனாக்காமலும் தியாகியாக்காமலும் விட்டிருப்பதுதான் படத்தின் பலம். எனக்கு அதில் குறையும் உண்டு. பெண்கள் ஓரமாகவே நிற்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு மகனைப் பற்றி என்ன நினைப்பு என்று தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டேன். படம் என்னை அங்கே கூட்டிப் போகவில்லை. இப்படிச் சொன்னதால் 'ஜகாட்' ஒரு சென்டிமீட்டர் குள்ளமாகிவிட்டதா? இல்லை. 2005இல் வந்த தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை'யில் தோட்டத்துப் பெண் ஒருத்தி மேற்படிப்புக்கு ஆசைப்படுகிறாள். 'ஜகாட்'டில் எனக்குக் கிடைக்காததை அங்கே தேடிப் போய்ப் பார்த்தேன். குறை சொல்லும் வாய்தான் இன்னொரு படத்துக்கும் வழி காட்டுகிறது.

இப்போது 'கபாலி'யை நினைத்துப் பாருங்கள். 'ஜகாட்' வந்து ஏழெட்டு மாதத்தில் வந்த படம். நம் ஊர், நம் குண்டர் கும்பல், நம் தோட்டத்து வரலாறு; ரஜினி, ரஞ்சித். அந்தச் சமயத்தில் கருத்துச் சொல்லாத மலேசியத் தமிழன் இருந்தானா? 'நாம எங்கடா இப்படிப் பேசுறோம்?' 'போலீஸ் எங்கடா இப்படி விட்டுவெப்பான்?' இங்கே ஓடிய பிரதியின் கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரியை வைத்து மட்டும் எத்தனை இரவு பேசியிருப்போம்! அது அழகான காலம். ஒரு படத்தைச் சாக்காக வைத்து நம் வரலாற்றையே மேசையில் போட்டுப் பிரித்தோம். சென்னையிலிருந்து வந்து நம் கதையைச் சொன்னவரிடம் அவ்வளவு உரிமையோடு கேள்வி கேட்ட நாம், இங்கேயே பிறந்து வளர்ந்து நம் கதையைச் சொல்கிறவரிடம் ஏன் கேட்பதில்லை? அவரை ரஞ்சித்துக்குச் சமமாக நினைக்கவில்லை என்பதைத் தவிர வேறு என்ன காரணம்?

இந்த இடத்தில் இந்த இதழின் வாசகர்கள் சிலர் தலையசைப்பது தெரிகிறது. 'அதனால்தான் முறையான விமர்சனம் வேண்டும் என்கிறோம். மாமாக் கடைப் பேச்செல்லாம் விமர்சனமாகிவிடுமா?' ஆகாது. விமர்சகர் வேண்டும், படத்தின் மொழி தெரிந்தவர், வரலாறு தெரிந்தவர், உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதுகிறவர் வேண்டும். ஆனால் அவர் ஆகாயத்திலிருந்து குதிக்க மாட்டார். பேசுகிற மேசை இருந்தால்தான் அதிலிருந்து ஒருவர் எழுந்து போய் எழுதுவார். அவர் எழுதியதை வாசிக்க மிச்ச நாலு பேர் அங்கே இருப்பார்கள். பேச்சே இல்லாத ஊரில் விமர்சனம் எழுதினால் அதைத் தனிப்பட்ட பகை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே நடப்பதும் அதுதானே?

இன்னொரு பக்கம், 'மொக்கை', 'செம', 'பத்துக்கு ஏழு' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களையும் நான் ஆதரிக்கவில்லை. மார்க் போடுவது பேச்சை முடிப்பதற்கான வழி. முதல் நாள் வசூல் எத்தனை கோடி என்று பேசுவது அதைவிட மோசம். தயாரிப்பாளரின் கணக்குப்பிள்ளை வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பது. என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. 'மெஷின் சரியில்லை' என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன சத்தம் வந்தது என்று எழுத வேண்டும். படத்துக்கும் அது போதும். 'இழுவை' என்று சொல்லாதே. எந்த இடத்தில் கைபேசியை எடுத்தாய் என்று சொல். 'நடிப்பு சுமார்' என்று சொல்லாதே. எந்தக் காட்சியில் அந்த முகத்தை நம்பாமல் போனாய் என்று சொல். 'மெய்யழகன்' நீளம் என்று கத்தியவர்கள் எது நீளம் என்று சொல்லியிருந்தால், கத்திரி எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் தயக்கம் வந்திருக்கும். அடுத்த படம் எழுத உட்காரும் இளைஞனுக்கு இந்த மாதிரி பத்துப் பேச்சு கிடைத்தால் அது ஒரு பட்டறைக்குச் சமம். இன்று அவனுக்குக் கிடைப்பது ஆயிரம் 'வாழ்த்துகள் அண்ணா'. அதை வைத்துக்கொண்டு அவன் எதைத் திருத்துவான்?

இதில் இழப்பு யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். நமக்குத்தான். தோட்டம் போனது, லயம் போனது, தாத்தா பேசிய பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் படமாக்க நம்மில் சிலர்தான் முன்வருகிறார்கள். அவர்கள் தப்பாகச் சொல்லும்போது 'அண்ணே, அது அப்படி இல்லண்ணே' என்று சொல்ல நம்மைத் தவிர யாருக்கும் தகுதி கிடையாது. சென்னைக்காரர்களுக்கு லயம் தெரியாது. மலாய் விமர்சகருக்கு நம் தமிழ் தெரியாது. நாமும் வாயை மூடிக்கொண்டால் தப்பான கதையே நம் கதையாக நின்றுவிடும்.

அடுத்த உள்ளூர்ப் படம் எப்படியும் வரும். முதல் வாரமே போங்கள். 20 வெள்ளி கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். பிறகு நண்பர்களோடு மாமாக் கடைக்குப் போய், 'மெய்யழகனு'க்கு எப்படிச் சண்டை போட்டீர்களோ அப்படியே இதற்கும் சண்டை போடுங்கள். பிடித்திருந்தால் எந்த இடம் என்று சொல்லுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் எந்த இடம் என்று சொல்லுங்கள். படம் எடுத்த அண்ணன் பக்கத்து மேசையில் இருந்தால் குரலைத் தாழ்த்தாதீர்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு அவரையும் உட்காரச் சொல்லுங்கள். அவருடைய தே தாரிக்குக்கும் நீங்களே காசு கொடுங்கள். ஆதரவு அந்த அளவுக்கு இருந்தால் போதும்.